தலைமேல் வைத்த கை

டிசம்பர். எடின்பரோவில் மூன்றரை மணிக்கே விளக்கைப் போட்டாயிற்று.
அகராதி அலுவலகத்தின் நான்காம் மாடியில்
எல்ஸ்பெத் கின்னெய்ர்டின் மேசைமேல் இரண்டு காகிதம்.

ஒன்று, ஆண்டு மதிப்பீடு:
'வேலையில் குறையில்லை. கூட்டங்களில்
இன்னும் கொஞ்சம் அசர்ட்டிவாக இருக்கலாம்.'
ஒன்பது வருடமாய் இதே வரி.
கையெழுத்து மட்டும் மாறியிருக்கிறது.

மற்றது, திருத்தத்துக்கு வந்திருக்கும் சொல்:
அசர்ட்.
தற்செயல்தான்.
அகரவரிசைக்குக் கேலி செய்யத் தெரியாது.

பழைய பதிப்பு சொல்கிறது:
'உறுதிபடக் கூறு, பெரும்பாலும் சான்றின்றி.'
'பெரும்பாலும்' என்பதை அடிக்கிறாள்.
கூட்டத்தில் மால்கம் பேசுவது நினைவுக்கு வர
திரும்ப எழுதுகிறாள்.

வேரைத் தோண்டினால்
அது வாயில் இல்லை, கையில் இருக்கிறது.
லத்தீனில் செரெரே: கோத்தல், ஒன்றோடொன்று சேர்த்தல்.
'சீரீஸ்' இதன் அக்காள்.
'டெஸர்ட்', நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறானே, அவன்
கோத்ததை உருவிக்கொண்டு ஓடிய தம்பி.
இவள் நடுப்பிள்ளை. தன்னோடு சேர்த்துக்கொள்பவள்.

ரோமில், நீதிபதியின் முன்னால்,
ஓர் அடிமை நிற்கிறான்.
'நான் சுதந்திரன்' என்று சொல்ல
அவன் வாய்க்குச் சட்டத்தில் இடமில்லை.
வேறொருவன் வரவேண்டும்,
நட்புக்கோ காசுக்கோ, எதற்கோ.
வந்து, இவன் தலைமேல் கை வைத்து,
'இவன் யாருக்கும் உரியவனல்ல' என்றால்
அது அசர்ட்.

இன்னொருவன் வந்து அதே தலையில் கை வைத்து
'இவன் என் உடைமை' என்றாலும்
அதுவும் அசர்ட்தான்.
வினைச்சொல் கையை மட்டும் பார்க்கும்,
முகத்தைப் பார்க்காது.

(தமிழில் நாமும் அடித்துத்தான் சொல்கிறோம்.
அடிப்பது மேசையையா நெஞ்சையா
எதிரே இருப்பவனையா என்று
இலக்கணம் கேட்டதில்லை.
பொய்யைச் சாதிப்பவனுக்கும் மலையேறிச் சாதித்தவளுக்கும்
ஒரே வினையைக் கொடுத்துவிட்டு
நிம்மதியாய் இருக்கிறோம்.)

மதியம் எல்ஸ்பெத் ரயில் நிலையம் வரை போய் வந்திருந்தாள்,
தொலைந்த பொருள் சாளரத்துக்கு.
'கையுறை. இடது கை. சாம்பல் நிறம்.'
பெட்டியைத் தள்ளினான் அங்கிருந்தவன்:
'ஸ்காட்லாந்தில் விற்பதே சாம்பல்தான், அம்மா. உங்களுடையது என்பதற்கு?'
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பதினேழில் ஒன்றை எடுத்துக் கையை நுழைத்தாள்.
கட்டைவிரலடியில் பச்சை நூல் தையல்,
அதைத் திருப்பிக் காட்டினாள்.
பதிவேட்டை நீட்டினான்.

நான்கு மணிக்குக் கூட்டம்.
அடிமையின் தலைமேல் கை,
அது சொற்பிறப்புக் குறிப்பில் வரவேண்டும் என்றாள் இஷ்பெல்,
சேர்ந்து ஆறு வாரம் ஆனவள்.
யாரும் நிமிரவில்லை.
பிஸ்கட் சுற்றி வந்தது.
பத்து நிமிடம் கழித்து மால்கம் தொண்டையைச் செருமி
அதையே சொன்னார், தன் குரலில், தன் கண்ணாடியைத் துடைத்தபடி.
எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

எல்ஸ்பெத்தின் கை
இஷ்பெல்லின் நாற்காலி முதுகின்மேல் இருந்தது.
எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.
'இதைச் சொன்னது இஷ்பெல்,' என்றாள்.
ஒன்பது வருடத்தில் அந்த அறையில்
அவள் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம்.
கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.
மால்கம் தேநீரில் எதையோ தேடினார்.

படியிறங்கும்போது அந்தப் பெண் நின்றாள்.
'நன்றி.
ஆனால் நானே சொல்லியிருப்பேன்.
வாயைத் திறக்கத்தான் போனேன்.'

எல்ஸ்பெத் அதை நம்பினாள்.
நம்பியதுதான் குத்தியது.

இரவு ஏழு. கட்டடத்தில் ஒரே ஒரு விளக்கு.
'பெரும்பாலும்' இன்னும் தீரவில்லை.
அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே,
இரண்டாம் பொருள் என்று எண்ணிட்டு எழுதுகிறாள்:

'ஒருவர் தன்மேல் தானே கை வைத்துக்கொள்ளுதல்.'

இதற்கு மேற்கோள் வேண்டும்.
தேதியோடு, அச்சில் வந்ததாக.
சான்றில்லாமல் அகராதியில் எதையும் சேர்க்க முடியாது.

சீட்டை இழுப்பறையில் போட்டு,
இடது கையுறையை மாட்டுகிறாள்.
வலது?

பையில் இல்லை. மேசையடியில் இல்லை.